மீளாய்வுக்கு வருகிறவர்களுக்கு எதைக் காட்டப் போகிறோம்?

எங்கள் பக்கத்து உயர்கல்வி நிறுவனங்களில், வெளியாட்கள் வந்து தரம் பார்க்கிற மீளாய்வு என்று திகதி அறிவித்தால் முதலில் நடப்பது வெள்ளையடிப்பு. பிறகு கோப்புகளுக்கு நிறம்நிறமாக ஸ்டிக்கர், வாசலில் பூச்சட்டி, வருகிறவர்களோடு கதைப்பதற்கென்று ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளைகளாகப் பார்த்து ஒரு பட்டியல். பாடத்திட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் செய்தாலும் பரவாயில்லை. மாணவர் ஆதரவுச் சேவையைப் பார்க்க வருகிறவர்களுக்கும் இதே கூத்து என்றால் அவர்களைக் கூப்பிடாமலே விட்டிருக்கலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் நிகழ்ச்சித்திட்ட மீளாய்வில் மாணவர் ஆதரவுக்கும் முன்னேற்றத்துக்கும் தனி இடம் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொரு நியமத்துக்கும், அதாவது தர அளவுகோலுக்கும், 0 முதல் 3 வரை புள்ளி. புள்ளி என்றதும் நாங்கள் எல்லாரும் திரும்பவும் ஓ.எல். சோதனை எழுதுகிற பிள்ளைகள் ஆகிவிடுகிறோம். ஆலோசனைக் குழு இருக்கிறதா? இருக்கிறது, இந்தாங்கோ கூட்டக் குறிப்பு. சரி, அந்தக் குழுவிடம் போன பிள்ளைக்கு என்ன நடந்தது? அது எந்தக் கோப்பிலும் இல்லை. போகாத பிள்ளையைப் பற்றிக் கேட்பாரே இல்லை.

எனக்கு அந்தப் போகாத பிள்ளைதான் முக்கியம். இப்போது படிக்கிற முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளைகளில் பலர் 2009இல் பாலர் பாடசாலை வயதில் முகாமுக்குள் இருந்தவர்கள். தாய் மட்டும் உழைக்கிற வீடு, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கம்பஸ் வந்த பிள்ளை. மகாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆக்கினார்கள், ஆனால் அது பிந்தினால் அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது, அம்மா போன் எடுத்துக் கேட்டால் "சாப்பிட்டிட்டன்" என்றுதான் சொல்லும். போதாததற்கு வன்னி மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டுக்குள் வருகின்றன என்பதால் "நீ கோட்டாவில வந்தனீதானே" என்ற நக்கல் வேறு. உதவி கேட்டுப் போனால் அந்த நக்கல் உண்மையாகிவிடும் என்று பயப்படுகிற பிள்ளையிடம், உதவிக்கு வாருங்கள் என்று நாங்கள் கட்டுகிற பதாகை என்ன வேலை செய்யும்?

உள்ளே இருக்கிற எங்களுக்கு இது கண்ணில் படாது, பழகிவிட்டது. ஆலோசனை அறை நிர்வாகக் கட்டடத்தில், எல்லாரும் வரிசையில் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தால் யார் கதவைத் திறப்பார்கள் என்று வெளியாள்தான் கேட்பார். அந்த வெளியாள் இதே வேலையை இன்னொரு இடத்தில் பார்க்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

அதற்கு ஆணைக்குழுவின் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இடையில் ஏ9 வீதிதான். இரண்டு பக்கமும் மாணவர் ஆலோசகர்கள் என்றால் விரிவுரையோடு சேர்த்து இந்தச் சுமையையும் தூக்குகிற விரிவுரையாளர்கள்தான், ஒருவர் கஷ்டம் மற்றவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புள்ளி போடாமல், தரம் கொடுக்காமல், மாறி மாறிப் போய்ப் பார்க்கட்டும். ஒரு வாகனமும் இரண்டு நாள் சாப்பாடும்தான் செலவு.

கூப்பிடுகிறவர்கள் நேரசூசியில் பாதியை வெறுமையாக விடவேண்டும், இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பின்னேரம் விடுதிக்குப் போகட்டும், தினமும் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகளோடு தரிப்பிடத்தில் நின்று கதைக்கட்டும். தெற்கிலிருந்து வந்து படிக்கிற சிங்களப் பிள்ளைகளோடு சிங்களம் தெரிந்த ஒருவர், விரிவுரையாளர் யாரும் பக்கத்தில் இல்லாமல் கதைக்க வேண்டும். ஆலோசனைக் குறிப்புகளை மட்டும் எவருக்கும் திறந்து காட்டக் கூடாது, ஊர் சின்னது, பெயரை மறைத்தாலும் கதையை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாதத்தில் கூடுதலாக வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் தரம் வரவில்லை, இந்தக் கணக்குப் போதும்.

அப்புறம் கடைசிநாள் கலந்துரையாடலுக்குப் பீடாதிபதியும் துறைத்தலைவர்களும் மட்டும் இருந்தால் சரிவராது. எந்தப் பிள்ளை கஷ்டப்படுகிறது என்று முதலில் தெரிவது மகாபொலக் கடதாசி வாங்குகிற அக்காவுக்கும் விடுதி வாசலில் இருக்கிற காவலாளி ஐயாவுக்கும்தான். அவர்களுக்கும் ஒவ்வொரு கதிரை போடுங்கள், முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.