முதல் மாதத்துக்கே எல்லாப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்

என் தம்பி போதையிலிருந்து மீண்டு வந்த காலம் முழுக்க வீட்டில் செலவுக் கணக்கைப் பார்த்தவள் நான். இதே கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: கையில் இருப்பதை எல்லாம் மறுவாழ்வு மையத்தின் முதல் மாதத்துக்கே கட்டிவிடாதீர்கள். பாதியையாவது அதற்கு அப்புறம் வரும் மாதங்களுக்கு எடுத்து வையுங்கள்.

சேர்க்கிற அன்று இப்படி யோசிக்க முடியாதுதான். பல நாள் தூக்கமில்லாத ஒரு குடும்பம் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். எதிரில் இருப்பவர் பேக்கேஜ் விவரம் சொல்வார். “இருக்கிறதை எல்லாம் கட்டிடு, பிள்ளை உயிரோட வந்தா போதும்” என்றார் அம்மா. எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வார். அதனால்தான் பணத்தைப் பற்றிய முடிவைச் சேர்க்கிற நாளுக்கு முன்பே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள்பட்டுக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை பிடித்தது போலாகும். அது உயிரையே எடுக்கலாம். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரைகளுக்கு அடிமையானவர்களுக்கும் திடீர் நிறுத்தம் ஆபத்து. அந்த நாட்களுக்கு மருத்துவர் வேண்டும், இரவிலும் நர்ஸ் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு அறையில் பூட்டி வைத்துச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையில் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. சில வாரம் நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். டீடாக்ஸ், அதாவது உடம்பிலிருந்து போதையை இறக்கும் முதல் கட்டத்தை மட்டும் முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற குடும்பங்களை எண்ணித்தான் எனக்குப் பயம். இந்தப் போதையிலிருந்து மீளக் கொடுக்கும் மருந்துகளான மெத்தடோன், புப்ரினார்ஃபின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குடிப்பழக்கத்துக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் உண்டு. “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை” என்று இவற்றை ஒதுக்குகிற மையம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், மூன்று மாதத்துக்குக் குறைவான சிகிச்சையில் பலன் குறைவு என்கிறது. அந்த மூன்று மாதமும் உள்ளேயே படுத்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. வெளியிலிருந்தே போய் வருகிற ஆலோசனை, மாத்திரை, தங்க ஒரு நல்ல இடம் எல்லாமே சிகிச்சைதான். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கட்டத்துக்கு வரும்போது பர்ஸ் காலி. வெளியே வந்தவர் எந்த அறையில் குடித்தாரோ அதே அறைக்கு, அதே நண்பர்கள் வந்து கூப்பிடுகிற அதே வாசலுக்குத் திரும்புகிறார்.

சிகிச்சை முடித்தவர்கள் வாடகை கொடுத்துச் சேர்ந்து தங்குகிற மீட்பு இல்லங்களைப் பற்றி நான் பேசுவதற்கு இதுதான் காரணம். 1975-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பால் மல்லாய் என்பவரும் அவரோடு மீண்டுகொண்டிருந்த சிலரும், தாங்கள் இருந்த இல்லம் மூடப்பட்டபோது அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயர். வாடகையைப் பிரித்துக்கொள்வார்கள், முடிவுகளை ஓட்டுப் போட்டு எடுப்பார்கள், திரும்பக் குடித்தவர் வெளியேற வேண்டும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், உள்நோயாளி சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப்பேரை இப்படிப்பட்ட வீடுகளுக்கும் மீதிப்பேரை வழக்கமான பின்கவனிப்புக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான வழியில் போனவர்களில் 65 சதவீதம் பேர் போதையைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த வீடுகளில் இருந்தவர்களில் 31 சதவீதம். மருத்துவர் இல்லை, ஊழியர் இல்லை, வெறும் வீடும் கூட இருந்த மனிதர்களும்தான்!

தம்பி இருந்த இல்லத்தின் சமையலறைச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. யார் பாத்திரம் கழுவ வேண்டும், யார் குளியலறை, யார் குப்பை என்று கிழமை வாரியாக. அவன் பெயருக்கு நேராக, செய்து முடித்த நாட்களில் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். முதல் சில கையெழுத்துகள் நடுங்கிக் கோணலாக இருந்தன. ஒரு ஆளுக்கு நாள் முழுக்கச் செய்ய வேலையும், செய்யாவிட்டால் கேட்க ஆளும் இருக்கிற இடம் அது. அந்த வாடகையைக் கட்டும்போது எனக்கு ஒரு தடவைகூட வயிறு எரியவில்லை.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலையும் ஜன்னலையும் பார்ப்பதோடு நிற்காமல் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒருவர் குடித்துவிட்டு வந்தால் அவரை எங்கே அனுப்புவீர்கள்? தெருவுக்கு என்றால் வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அனுமதிப்பீர்களா? பாதியில் போனால் மீதிப் பணம் என்ன ஆகும்? எழுத்தில் தருவீர்களா? வாடகையை இல்லத்துக்கு நேரே கட்டுங்கள், அவர் கையில் கொடுக்க வேண்டாம். வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு பங்காவது அவரே கட்டட்டும். அப்புறம், “நூறு சதவீதம் குணம்” என்று உத்தரவாதம் கொடுப்பவர்களையும், ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் வாங்குகிற இடைத்தரகர்களையும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

திரும்ப ஆரம்பிப்பது அடிக்கடி நடக்கிறது. நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி விழுகிறார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் நோய் திரும்புகிற அளவை ஒட்டித்தான் இதுவும். அப்படியென்றால் இரண்டாவது முறைக்கான பணமும் முதல் நாளே திட்டத்தில் இருக்க வேண்டும். முதல் முறையே எல்லாம் கரைந்துபோன வீட்டில், அவர் திரும்ப விழும்போது வருகிற கோபம் பாதிக்கு மேல் பணத்தின் மேலான கோபம். “உனக்காக எவ்வளவு கொட்டினோம்” என்ற பேச்சு அங்கேதான் வருகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் திருந்திப் பார்த்ததில்லை.

மற்ற பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும், குடியிருக்கிற வீட்டையும் தொடக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பாசமில்லாத கணக்கு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்று 1951-லிருந்து நடக்கிற அல்-அனான் கூட்டங்கள் உண்டு, கட்டணம் கிடையாது. மருந்துக்கும் வாடகைக்கும் நடுவே அம்மா அப்பாவின் உடம்பையும் பார்க்க வேண்டும்.

மையத்தில் சேர்க்கும்போது மாதாமாதம் கட்டுகிறோம் என்று கேளுங்கள். மொத்தமாகத்தான் வேண்டும், பாதியில் போனால் திருப்பித்தர மாட்டோம் என்றால், எழுந்து வந்து அடுத்த இடத்தைப் பாருங்கள்.