கார்னரில் மேரி

(ராயபுரம். ஞாயிறு காலை. மிக்ஸி பாகம் பாகமாகத் தரையில் கிடக்கிறது. நடுவில் செல்வம், தோளில் துண்டு. சமையல்கட்டு வாசலில் மேரி, கையில் தேங்காய்ச் சில்லு.)

மேரி: போதும்யா, எழுந்திரு. கடையில குடுத்துக்கலாம்.

செல்வம்: அதை நான் சொல்லக்கூடாது மேரி. பாக்ஸிங்ல அடி வாங்கறவன் நிறுத்த மாட்டான். கார்னர்ல நிக்கிற கோச்சுதான் துண்டை உள்ள போடணும். இங்கிலீஷ்காரன் ‘த்ரோ இன் தி டவல்’னு சொல்றானே, அதான். அந்தக் காலத்துல ஸ்பாஞ்சு.

மேரி: பாத்திரம் தேய்க்கிறதா?

செல்வம்: மூஞ்சி தொடைக்கிறது!

மேரி: சரி, குடு துண்டை. (உருவி மிக்ஸி மேல் போடுகிறாள்)

செல்வம்: (எடுத்து வீசி) செல்லாது! 1938, நியூயார்க், யாங்கி ஸ்டேடியம். ஜோ லூயிஸ் அடிக்கிற அடியில ஷ்மெலிங் சுருண்டுட்டான். அவன் ஆளுங்க துண்டைப் போட்டாங்க. ரெஃப்ரி இன்னா பண்ணாரு? எடுத்து விட்டெறிஞ்சாரு. அந்த ஊர்ல அப்ப துண்டு செல்லாது.

மேரி: அப்புறம் எவ்ளோ நேரம் நடந்துச்சு?

செல்வம்: ...ரெஃப்ரியே நிறுத்திட்டாரு.

மேரி: மொத்தமா எவ்ளோ?

செல்வம்: 124 செகண்டு.

மேரி: நீ ஏழு மணிக்கு உக்காந்த. இட்லி ஆறி கல்லாயிடுச்சு.

செல்வம்: முகமது அலியே 1980ல வந்து நேரு ஸ்டேடியத்துல ஏறின ஊரு இது. இந்த ஊர்க்காரன் பாதியில விடுவானா?

மேரி: அவரு மிக்ஸியா கழட்டினாரு? அதே அலிகூட மணிலாவுல மோதினானே ஒருத்தன், நீதான் வாரா வாரம் சொல்லுவியே...

செல்வம்: ஃப்ரேஸியர். 1975. பதினாலு ரவுண்டு! கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. அப்பவும் போறேன்னுதான் நின்னான். கோச்சு எடி ஃபட்ச் விடல, ஸ்டூல்லயே உக்கார வெச்சுட்டாரு.

மேரி: புத்தியுள்ள மனுஷன். அது இன்னா, தனியா ஒரு ஸ்க்ரூ?

செல்வம்: அது... கம்பெனியில எக்ஸ்ட்ரா குடுப்பான். இப்பப் பாரு!

(ஸ்விட்சைப் போடுகிறான். ‘டப்!’ புகை. ஃபேன் நிற்கிறது. ஃப்ரிட்ஜும் அடங்குகிறது.)

செல்வம்: ஒண்ணும் இல்ல, ஃபியூஸ்தான். அஞ்சே நிமிஷம்.

மேரி: (ஸ்டூலை இழுத்து வந்து) முதல்ல இதுல உக்காரு. வேர்த்துக் கொட்டுது.

செல்வம்: (உட்கார்ந்து) ம்... எலக்ட்ரீஷியனுக்கா போன் போடற? வேணாம், வெச்சுடு! ஃபியூஸ் பாக்ஸ் உயரத்துல இருக்கு, இந்த ஸ்டூல் மேல ஏறினாத்தான் எட்டும்.

மேரி: தெரியும்யா. அதான் உன்னை அதுல உக்கார வெச்சேன்.