அந்த ட்ரில் மெஷின் எங்கே?

என்னுடைய ட்ரில் மெஷின் இப்போது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொடுத்தது சித்தப்பா மகனிடம். "ஒரே ஒரு ஓட்டைதாண்ணே, சாயங்காலம் கொண்டாந்துடறேன்" என்றான். எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் கேட்டதற்கு, "அதுவாண்ணே, என் ஃப்ரெண்டு ஒருத்தன் அவசரம்னு கேட்டான். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு குடுத்துட்டேன்" என்கிறான். அந்த நண்பனை நான் பார்த்ததே இல்லை. இதற்குள் அது நாலாவது கைக்குப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மெஷின் போனதைவிட, அதைக் கேட்பதற்குள் நான் பட்ட பாடுதான் எரிச்சல். மூன்று முறை போனை எடுத்துவிட்டு வைத்தேன். நாலாவது முறை பேசும்போது, உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஊரைச் சுற்றி வந்தேன். கடைசியில் ஒரு பொய் வேறு: "வீட்ல ஒரு அலமாரி மாட்டணும், அதான் கேட்டேன்." மாட்ட வேண்டிய அலமாரி எதுவும் இல்லை. என் பொருளை நான் திரும்பக் கேட்க எனக்கே ஒரு காரணம் தேவைப்பட்டது.

'இரவல்' என்ற சொல்லுக்குள் 'இரத்தல்' இருக்கிறது. இல்லை என்று கேட்டு நிற்பது. வாங்கும்போது அவன் கேட்டு நின்றான், சரி. திரும்ப வாங்கும்போது ஏன் நான் கேட்டு நிற்க வேண்டும்?

இந்த இடத்தில் பலரும் ஓர் அறிவுரை சொல்வார்கள். "கொடுத்ததை மறந்துடு, திரும்பி வந்தா லாபம்னு நினைச்சுக்கோ." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய அவமானத்தை அந்த ஆளுக்கு நம்மால் செய்ய முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. சிரித்த முகத்தோடு பொருளைக் கையில் கொடுத்துக்கொண்டே, 'இவன் தர மாட்டான்' என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிடுகிறோம். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முடிவு நினைவுக்கு வரும். மறந்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் யாரும் மறந்ததில்லை. பத்து வருடம் முன்பு போன குடையின் நிறம்கூட அவர்களுக்குத் தெரியும். தானமாகக் கொடுப்பதென்றால் "இது உனக்குத்தான், வச்சுக்கோ" என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்லாத தானம் அவன் பெயரில் நாம் மனதுக்குள் எழுதி வைக்கும் கணக்கு.

இந்தத் தகராறு இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேயஸ் என்று ஒரு ரோமானியச் சட்ட அறிஞர் இருந்தார். நண்பர்களுக்கு விருந்து வைக்கப்போகிறேன் என்று வெள்ளிப் பாத்திரங்களை இரவல் வாங்கி, அவற்றை வெளியூர்ப் பயணத்துக்கு எடுத்துப் போகிறவனைப் பற்றி எழுதியிருக்கிறார். சவாரிக்கென்று குதிரையை வாங்கி, சொன்ன இடத்தைத் தாண்டி ஓட்டிப் போகிறவனும் அவர் எழுத்தில் வருகிறான். இரண்டுமே திருட்டு என்பது அவர் கட்சி. படித்ததும் 'அடடா, ட்ரில் மெஷின் வழக்கு!' என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அடுத்த வரியிலேயே எனக்கு ஆப்பு. உரிமையாளர் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்தே செய்தால்தான் அது திருட்டு, சம்மதிப்பார் என்று நம்பிச் செய்தால் இல்லை என்கிறார். "நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு" என்று தம்பி சொன்னானே, அதேதான். நம்பியிருக்கிறான். அப்படி நம்பும்படி வைத்தது யார்? கொடுக்கும்போது "ஒண்ணும் அவசரமில்லடா, எப்ப வேணா குடு" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னவன் நான்தானே.

அந்த 'எப்ப வேணா'தான் விவகாரமே. 'எப்ப வேணா' என்று ஒரு கிழமை காலண்டரில் கிடையாது. வாங்கியவன் அதை 'இப்போ வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறான். கொடுத்தவன் 'அவனே புரிஞ்சு சீக்கிரம் தருவான்' என்று காத்திருக்கிறான். இருவர் மேலும் தப்பில்லை என்றும் சொல்லலாம், இருவர் மேலும் தப்பு என்றும் சொல்லலாம். நான் இப்போது கிழமையைச் சொல்லிக் கொடுக்கிறேன். "ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும், சனிக்கிழமை குடுத்துடு." முதல் தடவை சொல்லும்போது நாக்கு கூசியது. எதிரே இருந்தவர் முகம் மாறும் என்று பயந்தேன். அவரோ "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். கூடவே அந்தப் பொருளையும் அதை வாங்கிப் போகிறவரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன். சிரிக்கச் சொல்லித்தான் எடுப்பேன், வாக்குமூலம் மாதிரி இருக்கக் கூடாது பாருங்கள்.

கீறல் விவகாரம் தனி. திரும்பி வந்த பொருளில் நமக்கு முதலில் தெரிவது கீறல்தான். கொண்டு வந்தவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் பொய் சொல்வதில்லை. கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபி மக்கைக் கொடுத்து, விற்பதென்றால் என்ன விலை என்று கேட்டார்கள். கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப் போல அவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். சற்று முன் கைக்கு வந்த மக்குக்கே இப்படி என்றால், ஆசைப்பட்டு வாங்கி, உறை போட்டு வைத்திருந்த கேமராவுக்கு? அந்தக் கேமராவை வாங்கிப் போகிறவர் கண்ணில் அது வெறும் கேமராதான்.

சில பொருட்களைக் கொடுக்கவே மாட்டேன். ஹெல்மெட் அதில் முதல். பலமாக ஒரு தடவை விழுந்தால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான பகுதி நசுங்கிவிடும். நசுங்கினது திரும்ப எழும்பாது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். "கீழ விழுந்துச்சு" என்று சொல்லித் திருப்பித் தருகிறவர்கள் ரொம்பக் குறைவு. சவரக் கத்தியும் கிடையாது, அதில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்திலேயே ஹெபடைடிஸ் பி பரவலாம். வண்டியை யோசித்துத்தான் கொடுப்பேன். ஓட்டுவது யாராக இருந்தாலும் அபராத நோட்டீஸ் பெரும்பாலும் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் வரும்.

மாட்டேன் என்று சொல்வதில் எனக்கு ஒரே ஒரு கொள்கை: பொய் சொல்லக் கூடாது. "ரிப்பேர்ல இருக்கு" என்று சொன்ன பொருளை மறுநாளே நாம் பயன்படுத்துவதை அவர்கள் பார்ப்பார்கள். கண்டிப்பாகப் பார்ப்பார்கள். "அதை மட்டும் நான் யாருக்கும் குடுக்கிறதில்ல" என்றால் ஒரு நாள் வருத்தம்.

இவ்வளவு நீட்டி எழுதிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். நேற்று அலமாரியைத் துடைக்கும்போது ஒரு புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் என் தோழியின் கையெழுத்து, கீழே ஒரு தேதி. எண்ணிப் பார்த்தால் ஆறு வருடம். நடுவில் ஓர் இடத்தில் பென்சிலால் நானே கோடு வேறு போட்டு வைத்திருக்கிறேன். இத்தனை நாளில் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எத்தனை முறை போனை எடுத்துவிட்டு வைத்தாளோ.

உடனே அவளைக் கூப்பிட்டு, உன் புத்தகம் என்னிடம் இருக்கிறது, மன்னித்துக்கொள், சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"சரி, வரும்போது அந்த நீல சூட்கேஸையும் எடுத்துட்டு வந்துடு" என்றாள்.

நான் இவ்வளவு நாளும் அதை என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.