பன்றி தின்ற கடலைக்கு யார் காசு கொடுத்தது?

நேற்றிலிருந்து அந்தப் படம்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. சுட்டுக் கிடத்திய காட்டுப்பன்றி, மேலே "கொலைகார விவசாயிகள்" என்ற வரி. பகிர்ந்தவர்களில் நான் மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

முதலில், சுட்டது விவசாயி இல்லை, வனத்துறை. 2025 ஜனவரியில், அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த பொன்முடி சட்டப்பேரவையில் சொன்னது இதுதான்: காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதையும் தாண்டி வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். இதில் விவசாயி எங்கே கொலைகாரன் ஆனான்?

எங்கள் சித்தப்பாவின் கடலைக் காடு மலையடிவாரத்தில்கூட இல்லை. ஏரிக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தில் பன்றிகள் பகலெல்லாம் படுத்திருக்கும், இருட்டினால் கூட்டமாக இறங்கும். மூஞ்சியால் மண்ணைக் கிண்டிக் காயைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உழுது போட்டதுபோல ஆக்கிவிட்டுப் போகும். சித்தப்பா காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டினார். சலூனில் முடி வாங்கி வரப்பில் போட்டார். சித்தி தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாள் பயந்தன, அப்புறம் சேலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. நிவாரணத்துக்கு மனு எழுதி அலைந்து கடைசியில் வந்த தொகை விதைக்கடலைக்கும் பத்தவில்லை. பன்றி தின்ற கடலைக்குக் காசு கொடுத்தது சித்தப்பாதான். படம் பகிர்ந்த யாரும் இல்லை.

"நீங்கள்தானே காட்டை ஆக்கிரமித்தீர்கள்?" என்பார்கள். அது எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துப் பட்டா நிலம். மலையை ஒட்டி ரிசார்ட் கட்டியவர்களைக் கேளுங்கள். அங்கே போய்த் தங்கி, பால்கனியில் நின்று படம் போடுகிறவர்களையும் கேளுங்கள்.

"சோலார் வேலி போடலாமே?" வசதி உள்ளவர் போடுகிறார். பன்றி அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு வேலி போட முடியாதவன் நிலத்துக்குள் இறங்குகிறது.

"இங்கிலாந்தில் பேட்ஜரைக் கொல்வதை எதிர்த்து மக்களே தெருவுக்கு வந்தார்கள், நமக்கு அந்த மனசு இல்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரி, பேசுவோம். பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு. மாட்டுக்குக் காசநோயைப் பரப்புகிறது என்றுதான் அங்கே அதைக் கொன்றார்கள். 2013-லிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். கொல்லத் தொடங்கினால் தப்பியவை சிதறி நோயை இன்னும் பரப்பலாம், பெரிய பலன் இருக்காது என்று அந்த அரசு அமைத்த அறிவியல் குழுவே 2007-ல் சொல்லியிருந்தது. அந்தச் சண்டையில் நான் பேட்ஜர் பக்கம்தான். ஆனால் நோய் கண்ட மாட்டைக் கொல்லும்போது அங்கே அரசு மாட்டுக்காரருக்குச் சந்தை விலையை ஒட்டி இழப்பீடு தருகிறது. நண்பரே, இந்தப் பாதியை ஏன் எழுதவில்லை? இங்கே எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. கடலையைத் தின்றது யார் என்பதில் யாருக்குச் சந்தேகம்?

பன்றியும் உயிர்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி ஒரு வழியும் இல்லையென்றால் என்ன நடக்கும் தெரியுமா? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், பன்றிக்காக இழுத்த மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. தாயில்லாமல் இரண்டு குட்டிகள் நின்றன. கோவைப் பக்கம் அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடியைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் செத்த யானைகள் உண்டு. அந்தக் கம்பியையும் வெடியையும் நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த நிலைக்கு ஒருவனைத் தள்ளுவதில் நமக்குப் பங்கே இல்லையா? ராத்திரித் தூக்கம் போய், போட்ட பணம் போய், கடைசியில் கொலைகாரன் என்ற பேரும் அவனுக்கேவா?

சுடவே கூடாது என்கிறீர்களா, சரி. பன்றி அழித்த பயிருக்குச் சந்தை விலையில், அடுத்த விதைப்புக்கு முன்னால் பணம் தரச் சொல்லி அரசுக்கு ஒரு மனு எழுதுங்கள். அதில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இரண்டாவது சித்தப்பா போடுவார்.