"கொஞ்சம் கஷ்டம்"னா ஜப்பான்ல என்ன அர்த்தம்?

இஞ்சினியரிங் மூணாவது வருஷம் படிக்கும்போது எங்க காலேஜ்ல ஜப்பானிய மொழி கிளாஸ் ஆரம்பிச்சாங்க, சாயங்காலம் நாலரைக்கு மேல, கிரெடிட் கிடையாது, ஃபீஸ் மட்டும் தனி. நாப்பது பேர் சேர்ந்தோம். காலேஜ் பஸ் அஞ்சு மணிக்குக் கிளம்பிடும், அதனாலயே ஒரே மாசத்துல எட்டுப் பேரானோம், அப்புறம் கிளாஸே நின்னு போச்சு. ஏன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல.

எதை விட்டோம்னு வேலைக்குப் போனப்புறம்தான் புரிஞ்சுது. ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. டிசைன்ல சின்னதா ஒரு மாத்தம் பண்ணலாமான்னு ஜப்பான்லேர்ந்து வந்திருந்த இஞ்சினியர்கிட்ட கேட்டோம். அவர் டிராயிங்கைப் பாத்துட்டு, பல்லுக்கு நடுவுல மூச்சை இழுத்து, "ச்சொத்தோ முஸுகஷீ தெஸ் நே"ன்னார். கொஞ்சம் கஷ்டம்ங்கிறார்னு இன்டர்ப்ரெட்டர் சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை சரிதான். சரி, கஷ்டப்பட்டா முடியும்போலன்னு பத்து நாள் உக்காந்து வேலை பாத்து எடுத்துட்டுப் போனா அவர் முகமே மாறிடுச்சு. அன்னிக்கே அவர் முடியாதுன்னுதான் சொல்லிருக்கார்! பத்திரிகை வைக்கப் போன வீட்ல "பாக்கலாம்"னு சொன்னா வரமாட்டாங்கன்னு நமக்குத் தெரியும்ல, அதேதான்.

அப்புறம் சனி ஞாயிறு சென்னைக்குப் போய்ப் படிச்சேன். நமக்கு இவ்ளோ பக்கத்துல இருக்குற மொழின்னு சத்தியமா நினைக்கல. வினைச்சொல் கடைசில வரும், வேற்றுமை உருபு மாதிரி பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி ஒட்டும், கேள்வின்னா நம்ம "ஆ" மாதிரி கடைசில ஒரு "கா". "தபெதே"ன்னா சாப்பிட்டு, "மிரு"ன்னா பாக்குறது, சேர்த்தா அப்படியே நம்ம "சாப்பிட்டுப் பாக்குறது". ஒனோ சுசுமுன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் ரெண்டு மொழிக்கும் உறவே இருக்குன்னு எழுதினார், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கல, அது வேற விஷயம். ஆனா தமிழ் வழியா சொன்னா ஒரு நிமிஷத்துல புரியுறதை நம்ம கிளாஸ்ல இங்கிலீஷ் வழியா அரை மணி நேரம் இழுக்குறாங்க.

எழுத்துதான் மலை. அன்றாடம் புழங்க ஜப்பான் அரசாங்கம் வெச்சிருக்குற பட்டியல்லயே 2,136 கான்ஜி, அதாவது சீனாவுலேர்ந்து வந்த எழுத்து. வேலை, குடும்பம்னு ஆனப்புறம் ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து அதை எழுதிப் பழகுறது எவ்ளோ பாடுன்னு எனக்குத் தெரியும். காலேஜ்ல அதுக்கு நாலு வருஷம் சும்மா கிடக்குது. ஆனா அங்க என்ன நடக்குதுன்னா, ஒரு செமஸ்டர் நடத்தி, ஜேஎல்பிடிங்கிற ஜப்பானிய மொழித் தேர்வுல இருக்குறதுலயே கீழ் லெவலான என்5 சர்ட்டிஃபிகேட் வாங்க வெச்சு நிறுத்திடுறாங்க. அந்த ஜேஎல்பிடி பரீட்சைல பேச்சுத் தேர்வே கிடையாதுங்க! ஆர்ட்ஸ் காலேஜ்ல மார்க்குக்காக ஃப்ரெஞ்ச் எடுத்த என் ஃப்ரெண்ட்ஸ் கதையும் இதேதான், தொண்ணூத்தஞ்சு மார்க், வாயைத் திறந்து ஒரு வாக்கியம் வராது.

அட்டானமஸ் காலேஜ்கள் சிலபஸை அவங்களே போட்டுக்கலாம். டைம்டேபிள்ல பகல்ல ஒரு பீரியட் குடுங்க, கிரெடிட் குடுங்க, மணிக்கணக்குக்குக் கூப்பிடாம டீச்சரை மாசச் சம்பளத்துல வைங்க, மூணு வருஷமாவது தொடர்ந்து நடத்துங்க. சிலபஸை முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல இருக்குற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா அடுத்த மீட்டிங்ல பேசுங்க ப்ளீஸ்.

சித்தி பையன் மதுரைல செகண்ட் இயர். போன வாரம் அவனுக்கு ஹிரகானாங்கிற ஜப்பானிய அடிப்படை எழுத்து சார்ட் அனுப்பினேன். நேத்து ராத்திரி நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பிருக்கான், "அண்ணா, ன வரிசை வரைக்கும் வந்துட்டேன்"னு.