மன்ரோ கவுனை வடிவமைத்தது பாப் மேக்கியா?

ஒருவர், "1962ல் கென்னடி பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்ரோ அணிந்த கவுனை வடிவமைத்தவர் பாப் மேக்கி, மூன்று ஆஸ்கர் வாங்கியவர்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே பாதி உண்மைதான்.

அந்த உடையின் வடிவமைப்பாளர் பாரிஸில் பிறந்து ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய ஜான் லூயி. மேக்கி அப்போது 23 வயதுப் பையன், அவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கவுனின் ஓவியத்தை வரைந்து கொடுத்தது மேக்கியின் கைதான். பெரிய வடிவமைப்பாளர்களிடம் இப்படி வரைந்து கொடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. அப்புறம் துணி, வெட்டு, தையல் எல்லாம் ஜான் லூயியின் பொறுப்பு. மேக்கியும் பேட்டிகளில் தன்னை ஓவியம் வரைந்தவராகத்தான் சொல்லிக்கொள்கிறார்.

ஆஸ்கர் கணக்கு இன்னும் மோசம். மூன்று என்பது பரிந்துரைகள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் அள்ளியது அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளை. 1967 முதல் 11 ஆண்டுகள் நகைச்சுவை நடிகை கரோல் பர்னெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வாராவாரம் உடை வடிவமைத்துக் கொடுத்த மனிதர். 'கான் வித் தி விண்ட்' படத்தைக் கிண்டலடித்த காட்சியில், ஜன்னல் திரைச்சீலையைக் கம்பியோடு தோளில் மாட்டிக்கொண்டு பர்னெட் படியிறங்கி வருவாரே, அந்தக் குறும்பு இவருடையதுதான். பாடகி ஷேரின் இறகு, மணி உடைகளும் அப்படியே. 2019ல் மேடை நாடகங்களுக்கான டோனி விருதும் வந்தது, ஷேர் பற்றிய நாடகத்துக்கு!