90 வீதம் முடிந்துவிட்டதாம்!

எங்கள் ஒழுங்கையால் இறங்கி, மெரைன் டிரைவைத் தாண்டி, தண்டவாளத்தையும் கடந்தால் கடல். கொழும்பு வெள்ளவத்தைக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் மணலுக்கு இறங்க ஒரு கொங்கிரீட் சரிவுப்பாதை இருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் கடல் அதன் அடியை அரித்துப் பாதியை விழுங்கிவிட்டது. கடலில் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு தகரம் அடித்து மறைத்தவர்கள் மேல்.

அப்பா பருத்தித்துறையில் பிறந்த மனுசன். பக்கவாதம் வந்து நாலு வருடம். கிழமைக்கு ஒரு தடவை கால் நனைத்தால் போதும், அந்தக் கிழமை முழுக்க என் சமையலில் குறை சொல்ல மாட்டார். இப்போது சக்கர நாற்காலியை நடைபாதையில் நிறுத்திவிட்டு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்க்கிறோம். நடுவில் மாத்தறை ரயில் வந்தால் அதுவும் இல்லை.

திருத்தவில்லையா என்றால், திருத்துகிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

தென்மேற்குப் பருவக்காற்றில், மே தொடங்கி செப்டெம்பர் வரை, இந்தப் பக்கத்துக் கடல் பொங்கும். மணலை அள்ளிக்கொண்டு போகும், அமைதியானதும் திருப்பிக் கொண்டுவந்து போடும். மீன் விற்கிற அண்ணனுக்குக் கூடத் தெரிந்த விஷயம். ஆனால் பாதையைத் திருத்துகிற கந்தோரின் பஞ்சாங்கம் வேறு. ஜனவரியில் புது வருடக் காசு. அப்புறம் விலைமனு. அப்புறம் சித்திரைப் புத்தாண்டு லீவு. ஆட்கள் மண்வெட்டியோடு வந்து சேரும்போது மே மாதம்! “கடல் கொந்தளிப்பு, வேலை செய்ய ஏலாது.” சரி, கடல் அடங்கினதும் கேட்டால், “வருட முடிவு, காசு இல்லை.” இப்படியே இரண்டு சுற்று முடிந்துவிட்டது.

கந்தோருக்குத் தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் சிங்களத்தில் “ஹெட” (நாளைக்கு) தான். ஒரு நாள் மட்டும் ஒருவர் தமிழிலேயே சொன்னார்: “90 வீதம் முடிஞ்சுது, அம்மா.” ஓடிப்போய்ப் பார்த்தேன். மேல்தட்டு போட்டாயிற்று. கைப்பிடிக்கு நீலப் பூச்சு. பெயர்ப்பலகை கூட இருக்கிறது, அதில் “சிரமத்துக்கு விருந்துகிறோம்” என்று தமிழ்க் கொலை வேறு. எல்லாம் இருக்கிறது. ஆனால் பாதையின் நுனி மணலுக்கு மூன்றடி மேலே, துருப்பிடித்த கம்பிகளோடு அந்தரத்தில் தொங்குகிறது. மணலைத் தொடுகிற இடம்தான் மிச்சம் 10 வீதமாம். ஐயா, அந்த 10 வீதத்துக்குத்தானே பாதையே!

யாரோ ஒரு புண்ணியவான் அந்த நுனியில் எட்டடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சக்கர நாற்காலிக் கணக்கு. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி வேண்டும். அந்தப் பலகையில் நாற்காலி இறங்காது, கவிழும். பக்கத்தில் நின்ற பெடியள் இரண்டு பேர், “தூக்கி இறக்கிறோம், ஐயா” என்று அன்பாய் வந்தார்கள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் என்ன அரிசி மூட்டையே?”

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. பொது இடங்களுக்குள் போய்வரும் வசதிக்கு 2006இல் தனியாக ஒழுங்குவிதிகள். காகிதத்தில் எங்களுக்குக் குறையே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய பாதை போனதே அதன் நுனி ஆழமாக இறங்காததால்தான். மணல் ஆகக் குறைகிற மாதத்தில் மட்டம் எங்கே நிற்கிறதோ, அதற்கும் கீழே அத்திவாரம் போகவேண்டும். புதியதும் மேலோட்டமாகத்தான் நிற்கிறது.

இப்போது டிசம்பர் இரண்டாம் கிழமை. கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. இன்று காலையும் போய்ப் பார்த்தேன். தகரத்துக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது, வேறு ஒருவரும் இல்லை.